தொட்டி வாயில் வைத்த பூஜ்யம்

அக்டோபர் 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. செம்பனை எண்ணெய் ஆலை முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எடைப் பாலத்தில் வரிசை. குடை அலுவலகத்தில், நான் ஆய்வகத்தில்.

போதும். ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

காலையில் பாதுகாப்புக் கூட்டம். துணை மேலாளர் ரவீந்திரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு:

"மழை நாளு. ஏணி வழுக்கும். போன வருசம் நடந்தது ஞாபகம் இருக்குல்ல? முந்தின நாள் போட்டது தெளியாம தொட்டியில எறங்குனா அப்படித்தான் முடியும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெயர் சொல்லவில்லை. தேவையும் இல்லை. செல்வம். ஆலையின் ஃபிட்டர். என் தங்கை வசந்தியின் புருஷன், ஒரு பெண்ணுக்கு அப்பன். போன அக்டோபரில் கசடுத் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது, எடுக்க இறங்கினான். கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள்.

விசாரணைத் தாளில் இருப்பது: இறங்குமுன் வாயுக் கருவி பூஜ்யம் காட்டியது, ஆகவே ஆலை செய்யவேண்டியதைச் செய்தது. தாளில் இல்லாதது, ஆனால் இங்கிருந்து ஜெரம் வரை எல்லோருக்கும் தெரிந்தது: குடித்துவிட்டு இறங்கினான்.

எனக்குச் செல்வத்தைப் பிடிக்காது. இதையும் எழுதி வைக்கிறேன். காரணங்கள்:

— தங்கை கல்யாண மேடையிலேயே மைக்கில்: "இவருதான் என் மச்சான், எண்ணெய் டாக்டரு. எண்ணெய்ய மோந்து பாத்து மருந்து எழுதிக் குடுப்பாரு." மண்டபமே சிரித்தது. பேர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

— சனிக்கிழமை ஆனால் குடி.

— வசந்தி படித்த பெண். அவனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

— என்னிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அது இன்னும் எரிச்சல்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். எண்ணெயில் அமிலம் கூடுதல். மழையில் குலை கிடந்து அழுகினால் வேறென்ன வரும்? அமிலம் அளக்கும் பியூரெட் குழாயின் முனை கசிகிறது. புதியது கேட்டு மறுபடி எழுதினேன். வராது.

மேசையின் கீழ் இழுப்பறை. அந்த வாயுக் கருவி அங்கேதான். மஞ்சள் நிறம், சோப்புப் பெட்டி அளவு, பழைய மாடல். எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்தேன்.

செல்வம் செத்த மறுநாள் அதை மின்னேற்றம் செய்ய என்னிடம்தான் கொண்டுவந்து போட்டார்கள். எல்லோரும் சாவு வீட்டில். வசந்தியின் அழுகையைக் கேட்க முடியாமல் நான் ஆய்வகத்துக்கு ஓடி வந்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. ஜன்னலோரம், கடற்காற்று வரும் பக்கம், கருவியைத் திறந்தேன்.

ஆக்சிஜன் 21.7. விஷவாயு எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

காற்றில் ஆக்சிஜன் 20.9. கடலோரக் கோலா சிலாங்கூரிலும் அதுதான், மலையடிக் கோலா குபு பாருவிலும் அதுதான். மின்மினி பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வேண்டுமானால் எங்கள் ஊரில் 21.7 என்று விளம்பரம் செய்யலாம். கழித்தல் இன்னும் மோசம். ஒன்றுமே இல்லாததை விடக் குறைவாக ஒரு வாயு எப்படி இருக்கும்? மூலக்கூறு உண்டு, அல்லது இல்லை. கடனுக்கு மூலக்கூறு கிடையாது.

ஆக, கருவி பூஜ்யத்தையே தவறாகக் கற்றிருந்தது. யார், எங்கே கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். பிறகு:

"சார், துணை மேலாளர் போஸ்ட் ஒங்களுக்கு வந்திருக்கணும். வருத்தம் இருக்கும், புரியுது. அதுக்காக இந்த நேரத்துல ரவீந்திரன இழுக்காதீங்க."

நான் ரவீந்திரன் பெயரையே எடுக்கவில்லை. அன்று மாலையே கருவி சரிபார்க்க விற்பனைக்காரனிடம் போனது. திரும்பி வந்தபோது 20.9. சமத்துப் பிள்ளை. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பேசவில்லை. யார் நம்புவார்கள்? நான் ஆலைக்கே தெரிந்த வயிற்றெரிச்சல்காரன். அந்த வயிற்றெரிச்சல் உண்மையும்கூட. ரவீந்திரனை விட எனக்குப் படிப்பு அதிகம், அனுபவம் அதிகம். அவனுக்குச் சிரிக்கத் தெரியும்.

அக்டோபர் 9, வியாழன்

மாலையில் புக்கிட் ரோத்தான், வசந்தி வீடு. சனிக்கிழமை செல்வத்துக்கு வருசத் திதி. அதற்கடுத்த வாரம் தீபாவளி. அவள் ஆர்டர் எடுத்து முறுக்கு சுடுகிறாள். வீடெல்லாம் எண்ணெய்ப் புகை. செல்வத்தின் அக்காள் கமலா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். படையலில் என்ன வைப்பது என்று பேச்சு.

"என் தம்பிக்குப் பிடிச்சதெல்லாம் வெக்கணும்லா. நண்டு, கெம்போங் மீன் சம்பல், ஒரு போத்தல் கருப்பு பீரு."

வசந்தி முறுக்கு அச்சை விடாமல்: "நண்டு வெக்கிறேன். சம்பல் வெக்கிறேன். பீரு வெக்க மாட்டேன் அண்ணி."

"அடியே, செத்தவங்களுக்கு ஆசப்பட்டத வெக்கிறது வழக்கம். என் அப்பனுக்குச் சுருட்டு வெக்கலையா? மொத வருசமே இல்லன்னா அவன் ஏங்கிட்டுப் போவான்."

"ஏங்கட்டும். என்னை ஏங்க வெச்சிட்டுத்தான போனாரு."

கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீ படிச்சவன், சொல்லு. தெளிவா இருக்கற மனுசன் அந்தத் தொட்டியில எறங்குவானா? வேலைக்குப் போயிட்டு வந்தா சட்டையிலயே அந்த நாத்தம் வரும். அவருக்கு மூக்கு இல்லையா? ஊரு சொல்றது சரிதான். நான் சோறு கட்டிக் குடுத்தேன், அவரு எங்கயோ நின்னு குடிச்சிட்டுப் போயிருக்காரு."

கருகிய முறுக்கை வாங்கிக் கடித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது:

தண்ணீர் என்பது இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டு, தனிம அட்டவணையில் அதற்கு நேர் கீழே இருக்கும் கந்தகத்தை வைத்தால் தொட்டி வாயு, ஹைட்ரஜன் சல்பைடு. ஒரே குடும்பம். வெளிச்சுற்றில் இருவருக்கும் அதே ஆறு எலக்ட்ரான். கந்தகத்தின் கருவில் எட்டுப் புரோட்டான் அதிகம், கூடவே நியூட்ரான்கள். ஒன்றில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறோம். மற்றது ஆளை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும்.

காற்றை விடக் கனம். கசட்டிலிருந்து கிளம்பி, தொட்டிக்குள்ளேயே தங்கும். கீழே போகப் போக அடர்த்தி.

கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் நாற்றமே இல்லை. முதலில் மூக்கைத்தான் கொல்லும்.

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். புகைமூட்டம் லேசாக. பியூரெட் வரவில்லை.

மதியம் கேன்டீன். கொதிகலன் ஆள் மாரி என் எதிரில் தட்டை வைத்தான். செல்வத்தின் கூட்டாளி. அன்று தொட்டி வாயில் நின்றவன். நாளைக்குத் திதிக்கு வருகிறானா என்று கேட்டேன்.

"வராம? கறிக்காகவாவது வருவேன் பாஸ்." சிரித்துவிட்டு, தானாகவே சொல்ல ஆரம்பித்தான். "அன்னிக்கி அந்த மிஷினு காதக் கிழிச்சிச்சி பாஸ். தொட்டி மூடியத் திறந்ததுலேர்ந்து பீப் பீப்னு. ரவீந்திரன் சார் வேற, பம்பு நின்னா ஆலையே நிக்கும்னு அவசரம். அப்புறம் அவரே பட்டன அமுக்கிப் புடிச்சி ஸீரோ வெச்சிட்டாரு. கத்தறது நின்னிருச்சி."

"எங்க நின்னு வெச்சார்?"

"அங்கயேதான். தொட்டி வாயில. எப்பவும் அப்படித்தான பண்ணுவோம்? பேட்டரி வீக்கானா கண்டபடி கத்தும்லா."

"கயிற்றுல கட்டி உள்ள எறக்கிப் பாத்தீங்களா?"

"ஸீரோ காட்டுதே, எதுக்கு எறக்கறது?"

சோறு ஆறியது. அவனுக்கு அது ஒரு கதை. சுத்தமான காற்றில் வைக்கவேண்டிய பூஜ்யத்தை வாயு எழும்பும் வாயில் வைத்தார்கள். அங்கிருந்த விஷத்தை இதுதான் காற்று என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது நம்பியது. அதன் வேலையே நம்புவதுதான்.

"செல்வம் எப்படி இருந்தான் அன்னிக்கி?"

மாரி விரலை நக்கிக்கொண்டே: "நல்லாத்தான் இருந்தாரு. பாதி ஏணியில நின்னு மேல பாத்து, 'டேய் மாரி, இப்ப நாத்தமே இல்லடா, கேஸ் எல்லாம் போயிருச்சி. எங்க எண்ணெய் டாக்டர இங்க கொண்டாந்து விடு, மோந்து பாத்துச் சொல்லுவாரு'ன்னாரு. நாங்க சிரிச்சோம். அடுத்த படியில கால வெச்சாரு. அவ்வளவுதான்."

கடைசிப் பேச்சு என்னைப் பற்றி. என்னைக் கூப்பிட்டிருக்கிறான். கிண்டலுக்குத்தான். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கோபத்தோடாவது போயிருப்பேன். கருவியை வாங்கி வேலியோரம் நடந்துபோய்ப் பூஜ்யம் வைத்திருப்பேன்.

"இதை அரசாங்கப் பாதுகாப்பு இலாகாவுல கேட்டா சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவேன் பாஸ். பொய் சொல்ல மாட்டேன். நானா போயி சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் ஒரு வேலையும் ஓடவில்லை. கழிவறையில் முகம் கழுவினேன், பலமுறை.

அக்டோபர் 11, சனி

காலையில் சுங்கை செம்பிலாங். படகுத்துறையில் நண்டு வாங்கினேன். எனக்கு நண்டு வாங்கச் செல்வம் இந்தப் படகுத்துறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறான். நான் ஒருநாள் நன்றி சொன்னதில்லை. வரும் வழியில் ஒரு கருப்பு பீர். கடைக்காரன் என்னை வினோதமாகப் பார்த்தான். நான் குடிப்பதில்லை.

போத்தலைப் பார்த்ததும் வசந்தியின் முகம் மாறியது. "எடுத்துட்டுப் போ அண்ணே. நீயுமா?"

"வைக்கச் சொல்லல. ஒன் தராசக் கொண்டா."

முறுக்குப் பொட்டலம் நிறுக்கும் மின்தராசு. பீர் போத்தலை அதன்மேல் வைத்தேன். எண் ஓடி நின்றது. பட்டனை அழுத்தினேன். பூஜ்யம்.

"எவ்வளவு காட்டுது?"

"ஸீரோ. நீதான ஸீரோ அமுக்குன."

"போத்தல் இருக்கா, இல்லையா?"

"கண்ணு முன்னாடி இருக்கு."

"தராசு இல்லங்குது. நீ பொடவயால கண்ணக் கட்டிக்கிட்டு இந்தத் தராசு சொல்றத மட்டும் கேட்டா?"

நான் போத்தலை எடுத்தேன். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முறுக்குக்காரி, பாத்திர எடையைக் கழிக்க தினமும் அந்தப் பட்டனை அழுத்துகிறவள். அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாரி சொன்னதைச் சொன்னேன். ஏணியில் நின்று செல்வம் சொன்னதையும், என்னைக் கிண்டல் செய்தது உட்பட. மூக்கு சாவதைச் சொன்னேன்.

தராசை அணைத்துவிட்டு: "அப்ப அவருக்கு நாத்தம் தெரியல."

"தெரியாது. குடிக்காதவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"இத வேற யாரு சொல்லியிருந்தாலும் என் மனசத் தேத்தச் சொல்றாங்கன்னு நெனச்சிருப்பேன்." மூக்கைச் சிந்தினாள். "நீ அவருக்காக ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. அதனால நம்புறேன்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா? எடுத்துக்கொண்டேன்.

படையல் போட்டபோது அவளே போத்தலைக் கழுவித் துடைத்து இலையின் வலப்பக்கம் வைத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு வருசமா ஒங்கள வைஞ்சேன்" என்று சத்தமில்லாமல் அழுதாள். தராசுப் பேச்சு நடந்தபோதே வந்துவிட்ட மாரி வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. கறியும் சாப்பிடவில்லை. அவனுக்கும் இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. துணி துவைத்தேன். மாடி ஜன்னலிலிருந்து நெல்வயல் பக்கம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தி போன் செய்தாள். "எனக்குத் தெரிஞ்சா போதாது அண்ணே. எம்மவ அங்க இங்க போறப்பெல்லாம் தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போறா."

அக்டோபர் 13, திங்கள்

மழை மேகம், இன்னும் பெய்யவில்லை. மதியத்துக்கு மேல் விடுப்பு.

பாதுகாப்பு இலாகாவுக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு மிக நீளம். அதில் பியூரெட் வந்தது, மேலாளர் வந்தார், துணை மேலாளர் போஸ்ட் வந்தது, ரவீந்திரனின் சிரிப்புகூட வந்தது. படித்துப் பார்த்தேன். செல்வத்தைக் காணவில்லை. கிழித்தேன்.

இரண்டாவது சின்னது. ஆலையின் பெயர். சம்பவம் நடந்த மாதம். மறுநாள் சுத்தமான காற்றில் கருவி காட்டிய இரண்டு அளவுகள். பிறகு ஒரே கேள்வி: தொட்டி வாயில் நின்ற ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, கருவிக்குப் பூஜ்யம் எந்த இடத்தில் நின்று வைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

கீழே பழக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பட்டத்தோடு.

பார்த்துக்கொண்டே இருந்தேன். தங்கைக்கு என் வெறுப்பு சாட்சியாக நின்றது, ஏனென்றால் அவள் புருஷனை வெறுத்தவனே அவனுக்காகப் பேசினேன். இலாகாவில் அதே வெறுப்பு ரவீந்திரன் பக்கம் திரும்பி நிற்கும். ஆலைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும்: யார் இந்த ஆள்? ஓ, அவரா. அத்தோடு 21.7 என் வயிற்றெரிச்சலின் அளவாகிவிடும். என் பெயரே தொட்டி வாய்தான். அங்கே நின்று எதை அளந்தாலும் தப்பாகத்தான் காட்டும்.

பயமும் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன்.

கத்தரிக்கோலால் தாளின் அடிப்பாகத்தை வெட்டினேன். உறையில் அனுப்புநர் இடம் காலி. தபால் நிலையம் மூட இன்னும் நேரம் இருக்கிறது. கையெழுத்து இல்லாமலே போடப் போகிறேன்.