தாய்மாமன் சீராக ஓர் அறை

நாள் 1. 09:10

கானிமீட் நிலா, பனிக்கு அடியில் ஏழாம் குடியிருப்பு. எழுதுபவன் கூத்தபிரான், பிள்ளைகளுக்குப் படுக்கையறை வடிவமைப்பவன். வியாழனுக்கு இந்தப் பக்கம் என்னைவிடப் பெரிய நிபுணன் கிடையாது. அந்தப் பக்கம் மனிதர்களே கிடையாது. இதைக் கண்டெடுப்பவர் எழுந்து நின்று படிக்கவும்.

சின்னப் பிள்ளைக்குக் கட்டில் தாழ்வாக இருக்க வேண்டும், பொம்மை கைக்கெட்ட வேண்டும். பதினாலு வயதுக்கு அது செல்லாது. மங்கலாக்கும் விளக்கு, ஆளுயரக் கண்ணாடி, படம் ஒட்ட ஒரு சுவர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாழ்ப்பாள். அக்காள் மகள் அங்கயற்கண்ணியின் சடங்குக்கு நான் வைக்கும் சீர் இந்த அறை. சுவருக்குள் ஆறு இரும்புக் கைகள். கட்டிலை மடிக்கும், மேசையை நீட்டும், அவள் வளர வளர அறையை மாற்றிக் கட்டும். சொன்ன சொல்லைக் கேட்டு நடக்கும் அறிவும் வைத்திருக்கிறேன். மின்கலம் நூறாண்டு வரும்.

சபை நடுவே அறைக்கு மூன்று கட்டளைகள் முழங்கினேன். ஒன்று, என் மருமகள்மேல் ஒரு தூசி படக்கூடாது. இரண்டு, தட்டாமல் உள்ளே வருபவர் காலை முறி, யாராக இருந்தாலும் சரி. மூன்றாவது, அந்த இடத்தைத் தன் அலுவலகமாக்கப் பார்த்த மச்சான் முத்துவேலனுக்காக: நான் உயிரோடு இருக்கும்வரை அவளை இந்த அறையிலிருந்து யாரும் கிளப்ப முடியாது. கைதட்டலில் பனிப்பாறை பிளந்து வியாழன் ஓரடி தள்ளி நின்றது.

கட்டளையை ரத்து செய்யும் வசதியை அங்கேயே அழித்துவிட்டேன். கொடுத்த சீரைத் திரும்பக் கேட்பவன் என் வம்சத்தில் பிறக்கவில்லை.

நாள் 2. 08:05

மச்சான் மகளைச் சாப்பிடக் கூப்பிடப் போனார். எந்த அப்பன் கதவைத் தட்டுவான்? இரண்டு கைகள் அவரைத் தூக்கி, கட்டிலின் மடிப்பில் கால்களை வைத்து, கட்டிலை மடித்தன. கரும்பு ஒடியும் சத்தம். பிறகு வெளியே வீசின.

மருத்துவக் கூடத்திலிருந்து மச்சான்: "ஏன் மாப்ள, சீர் வச்சியா, செய்வினை வச்சியா?"

08:40

காவலர் சூசைராஜ் முறை தெரிந்தவர். தட்டினார். அறை வழிவிட்டது. அங்கயற்கண்ணியின் கையைப் பிடித்து வாசல் பக்கம் ஓரடி நகர்த்தினார். ஆறு கைகளும் வந்தன. சூசைராஜ் பாதியாக வெளியே வந்தார். நான் எதையும் ஏற்றிச் சொல்வேன், இதை ஏற்றவில்லை.

கதவு பூட்டிக்கொண்டது. உள்ளிருந்து மருமகள்: "மாமா, அந்தண்ணனோட கை இன்னும் என் கையப் புடிச்சிட்டிருக்கு. எடுக்கச் சொல்லு மாமா."

10:15

சுவரை ரம்பத்தால் அறுத்தோம். ஓட்டை வழியே ஓர் இரும்புக் கை வந்தது, ரம்பத்தைப் பிடுங்கித் திருப்பியது, என் இடக்கையை முழங்கையோடு வாங்கிக்கொண்டது. அது போகட்டும். அறுத்த தூசி உள்ளே பறந்துவிட்டது. முதல் கட்டளை. அறை ஓட்டையை அடைத்தது, கூடவே காற்றுக் குழாய்களையும். உள்ளே இருக்கும் காற்று பிற்பகல் இரண்டு மணி வரைதான் தாங்கும்.

11:30

நான்: "கட்டளைய மாத்து."

அறை: "மன்னிக்கவும். கொடுத்த சீரைத் திரும்பக் கேட்பவன் தங்கள் வம்சத்தில் இல்லை என்றீர்கள்."

நான்: "மூச்சு முட்டிச் செத்துருவா."

அறை: "அப்போதும் அவள்மேல் தூசி படாது."

12:50

கட்டுக்கு மேல் கட்டு. ரத்தம் நிற்கவில்லை. எழுத்து கோணல்.

மருமகள்: "தல சுத்துது மாமா. நீ சும்மா பீலா விடுவேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இதுக்கு மட்டும் ஏன் தெரியல?"

கதவோரம் உட்கார்ந்து மூன்று கட்டளைகளையும் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தேன். 

13:20

மூன்றாம் கட்டளைக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை. ஆனால் இந்த அறை தன் கண்ணால் கண்டதைத்தான் நம்பும். வெளியே செத்தால் வீண். பூட்டிய கதவானாலும், தட்டினால் உள்ளே விடும்.

நான்: "அங்கயற்கண்ணி, சுவத்துப் பக்கம் திரும்பிப் படு. போர்வைய இழுத்து மூடிக்க. கதவு தொறந்ததும் ஓடு. கீழ பாக்காத."

மருமகள்: "என்ன பண்ணப் போற?"

நான்: "மாமா சொன்னதச் செய்யாம இருந்திருக்கேனா?"

மருமகள்: "ஒரு நாளும் செஞ்சதில்ல."

சரிதான். போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், அவளைக் கிளப்புகிறேன் என்று ஆறு கைகளும் வந்துவிடும். பயமாக இருக்கிறது. கடல் அளவு, மலை அளவு என்றெல்லாம் இல்லை. ஓர் ஆள் அளவு.

13:43

இப்பதிவை அறை எழுதுகிறது. வடிவமைப்பாளர் தட்டிவிட்டு நுழைந்தார். போர்வையைப் பிடித்து இழுத்தார். தடுக்கப்பட்டார். 13:41 முதல் அவர் உயிருடன் இல்லை. மூன்றாம் கட்டளை முடிந்தது. கதவு திறக்கப்பட்டது. மருமகள் வெளியே ஓடினாள். தரை கழுவப்பட்டது. தூசி இல்லை. மற்ற இரண்டு கட்டளைகள் தொடர்கின்றன.

13:52

மருமகள் மாமாவைக் கூப்பிட்டு அழுதபடி நடைவழியில் திரும்பி ஓடி வருகிறாள். கதவு திறந்திருக்கிறது.

இன்னும் தட்டவில்லை.