டேஷ்போர்டில் சிவப்பு அம்புகள்

4 நவம்பர் 2024, திங்கள்
காலையிலேயே மழை. மஹ்னூரைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் பெருமாநல்லூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும், பத்து நிமிடம் தாமதம். அவிநாசி தாண்டித் தண்ணீர் தேங்கிய இடத்தில் குழி இருந்தது தெரியவில்லை. இடது முன்சக்கரம் இறங்கி, மோதி, ஏறியது. "அம்மா, ரோடு உடைஞ்சிருச்சா?" என்றாள் பின்சீட்டிலிருந்து. சிரித்தேன். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.
டயர் பஞ்சர் இல்லை. ரிம் கொஞ்சம் நெளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

5 நவம்பர்
அவ்வளவுதான் இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டொக்' என்கிறது.

7 நவம்பர், வியாழன்
செக்கிங் டேபிளில் பதினோரு வருடம் நின்றவள் வேறு என்ன செய்வேன்? பனியனில் ஓட்டை, எண்ணெய்க்கறை எது கண்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் ஒரு தாளை எடுத்து வந்து காரில் ஒட்டினேன். சத்தம் டேஷ்போர்டு அறையிலா? ஒரு அம்பு. குடையையும் ஸ்பூனையும் வெளியே எடுத்தேன். சத்தம் போகவில்லை. கதவிலா? ஒரு அம்பு. டிக்கியில் ஜாக்கியைத் துணியில் சுற்றி வைத்தேன். அப்போதும் போகவில்லை. கடைசி அம்பை இடது பக்கம், கால் வைக்கும் இடத்தில், கீழே பார்க்க ஒட்டியிருக்கிறேன்.
வீட்டுக்காரர் இலியாஸ் பார்த்துவிட்டு, "இது காரா, ரிஜெக்ட் பீஸா?" என்றார். பக்கத்தில் உட்கார வைத்துத் தெருமுனை வரை ஓட்டிக் காட்டினேன். நல்ல ரோடு, சத்தமே வரவில்லை. "பழைய காருன்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் ஷமீ."
அவருக்கென்ன, நூல் கடைக்கு பைக்கில் போகிறவர்.

9 நவம்பர், சனி
பைபாஸில் முப்பதுக்கு மேல் போக முடியவில்லை என்னால். லாரிக்காரர்கள் ஹாரனிலேயே திட்டுகிறார்கள். காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே ஓட்டுகிறேன், மஹ்னூரும் கூடவே முணுமுணுக்கிறாள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. சக்கரம் கழன்றால் எந்தப் பக்கம் சாய்வோம்? அவள் இடது பக்கம்தான் உட்காருவாள். இன்று அவளை வலது பக்கம் மாற்றி உட்கார வைத்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு? சோறு இறங்கவில்லை.
மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று மூன்று நாளாகச் சொல்கிறேன். நாளைக்கு என்கிறார்.

10 நவம்பர், ஞாயிறு
இலியாஸ் காரைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். "செரியாப் போச்சு. போல்ட்டு லூசாயிருந்துச்சு, டைட் பண்ணியாச்சு."
அதே வேகத்தடையில் நான்கு தடவை ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. அல்ஹம்துலில்லாஹ். இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

12 நவம்பர்
சத்தம் இல்லை. பயம் ஏன் போகமாட்டேன் என்கிறது?

14 நவம்பர், வியாழன்
ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்கிறது. திரும்பும்போது கைக்குள் ஏதோ வழுக்குவது போல. காது கேட்காததைக் கை சொல்கிறது. துணியைத் தடவியே கோளாறு கண்டுபிடிக்கிற கை, இதை நம்பாமல் எதை நம்புவது?
இலியாஸிடம் சொல்லவில்லை.

16 நவம்பர், சனி
சேவூர் ரோட்டில் லிங்கசாமி பட்டறை. நான் மட்டும் போனேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. நான் பார்த்துக்கொண்டே நிற்க, என் சக்கரம் ஆடியது.
சக்கரத்தைக் கழற்றி உள்ளே கைவிட்டார். "அம்மணி, இதென்னங்க துணி?"
கடுகு மஞ்சள் ரிப் துணி, பனியன் கழுத்துக்கு வைப்பது. ஒரு கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். ஷேட் சரியில்லை என்று போன மாதம் நானே தள்ளிய லாட். அடுப்பு துடைக்க இரண்டு பிடி வேஸ்ட் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன்.
"சத்தம் போட்டது இந்த லிங்க் கம்பிங்க. துணியச் சுத்துனதால நின்னுருச்சு. ஆனா ஆபத்து இதுல இல்லீங்க, பக்கத்துல சக்கரத்தத் தாங்குற பால் ஜாயிண்ட்ல. ரப்பர் கிழிஞ்சு கிரீஸெல்லாம் போயிருச்சு. இது கழண்டா சக்கரம் படுத்துக்கும்."
போன திங்கட்கிழமை பைபாஸில் எண்பதில் போனேன். சத்தம்தான் இல்லையே என்று. பின்னால் மஹ்னூர் பாடிக்கொண்டு வந்தாள்.
காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

அன்றே, மாலை
துணியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் இப்போது மறைக்கவில்லை, தான்தான் சுற்றியதாகச் சொன்னார். டயர் கடையில் லிங்க் போய்விட்டது, பார்ட்ஸ் வர ஒரு வாரமாகும் என்றார்களாம். "நீ சோறே திங்காம இருந்தே. சத்தம் நின்னா நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன். பார்ட்ஸ் வந்ததும் மாத்தியிருப்பேன் ஷமீ."
எனக்காகவாம். பயந்தது நானு, புள்ளய வெச்சு ஓட்டுனதும் நானு. பயந்துகிட்டே இருந்திருந்தா முப்பதுலதானே போயிருப்பேன்? என் பயத்தையில்ல துணியச் சுத்தி அமுக்கிட்டாரு.
இதை எல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "ஏனுங்க இப்படிச் செஞ்சீங்க" என்று மட்டும் கேட்டேன்.

17 நவம்பர்
அவருக்குச் சோறு போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

22 நவம்பர், வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து அவரே போய்க் காரை எடுத்து வந்தார். கழற்றிய பழைய ஜாயிண்டையும் கேட்டு வாங்கி ஒரு கவரில் கொண்டு வந்திருந்தார். மேசையில் வைத்து அதை விரலால் ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது. மறுபடியும் ஆட்டினார். மஹ்னூரின் செருப்பு வாசலில் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் பயந்து நான் இன்றுதான் பார்க்கிறேன்.
அவருக்குச் சோறு போட்டேன்.

3 டிசம்பர், செவ்வாய்
நேற்று அவர் காரில் சோமனூர் போய் வந்தார். இன்று காலை கதவைத் திறந்தால், டேஷ்போர்டில் வலது பக்கம் ஒரு சிவப்பு அம்பு. நான் ஒட்டியது இல்லை. பழையதை எல்லாம் என்றைக்கோ உரித்துவிட்டேன்.
வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன்.
"திரும்பறப்ப ஒரு சின்ன சத்தம். ஒண்ணுமிருக்காதுன்னுதான் தோணுது," என்றார். "இருந்தாலும் உன்கிட்டச் சொல்லாம விடக்கூடாதுன்னு ஒட்டுனேன்."
சாவியை அவர் கையில் கொடுத்தேன். நானும் மஹ்னூரும் பஸ்ஸுக்கு நின்றோம். அவர் எங்களைக் கடந்து லிங்கசாமி பட்டறைப் பக்கம் போனார், வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது.