செல்லையாவின் பற்றுச்சீட்டு

1932 ஐப்பசி, வெள்ளிக்கிழமை. பன்வில தேயிலைத் தோட்டம்.

இன்று செல்லையாவிடம் பொய் சொன்னேன்.

"ஐயா, என் பத்துச்சீட்டு வந்திருச்சுங்களா?" என்று காலையில் ஆபீஸ் வாசலில் வந்து கேட்டான். இங்கே கணக்குத் தீர்த்து விலகியதைக் காட்டும் அந்தப் பற்றுச்சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். ஹுன்னஸ்கிரியவில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். "துரை இன்னும் கையெழுத்துப் போடல" என்றேன். கையெழுத்துப் போட்ட சீட்டு என் மேசைக்குள் இருந்தது.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து எல்லாத் தோட்டத்திலும் ஆளைக் குறைக்கிறார்கள். அங்கே வேலை கிடைக்காவிட்டால் இங்கே அவன் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். பிறகு இந்தியாவுக்குக் கப்பல்தான். அவன் நன்மைக்குத்தான் மறைத்தேன் என்று பகல் முழுக்க நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் நானும் அவனும் சேர்ந்து கொழுந்துச் சாக்கு சுமந்தவர்கள். அப்போது ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. கங்காணிமார் எங்களைத் தேடி வந்து, வெற்றிலை கொடுத்துக் கூப்பிடுவார்கள். நாட்கூலி இரண்டு சதம் கூட என்றால் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மலையேறிவிடுவோம். வழியெல்லாம் அவன் பாடுவான். கணக்கப்பிள்ளை ஆன பிறகு அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

சாயங்காலம் லயத்துக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தேன்.

"காலையிலயே இருந்துச்சா?"

"இருந்துச்சு. அங்க வேலை இல்லாட்டி என்ன செய்வ?"

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்" என்றான். பிறகு, இத்தனை வருஷம் கழித்து, ஐயா போடாமல், "நீயும் வாடா" என்று சிரித்தான்.

வாறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. நாளைக் காலை, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில் அவன் பேரை நான்தான் வெட்ட வேண்டும்.