திருநின்றவூருக்கு அப்பால் ஒரு கிணறு

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. மருமகள் முகம் சுளித்தாள். எனக்கு உன் நினைவு வந்தது. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். திருநின்றவூருக்கு அப்பால் இருந்த ஊர்களில் வாந்திபேதி பரவிய கோடை. கிணறுகளுக்கு மருந்து போடத் தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். அம்பத்தூர் மாந்தோப்பு ஒன்றில் ஆறு பேர் பயிற்சிக்குக் கூடினோம். நீயும் நானும் பக்கத்து மேனாம்பேட்டுக்காரர்கள். உன் அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அதனால், ஒரே வயது என்றாலும் என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவாய்.

கம்பவுண்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கல் கட்டிய கயிற்றைக் கிணற்றின் அடிவரை இறக்க வேண்டும். நனைந்த நீளம்தான் தண்ணீரின் ஆழம். அதையும் கிணற்றின் அகலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, பவுடரை நிறுத்து, வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். நான் கையால் முழம் போட்டேன். நீ தடுத்தாய்.

"உங்க மொழமும் என் மொழமும் ஒண்ணா? குச்சி வெச்சி அளங்க."

எனக்கு அதிலெல்லாம் பொறுமை இல்லை. கணக்கை நீ போட்டாய். நான் பார்த்து எழுதினேன். கம்பவுண்டர் இருவரையும் சேர்த்தே பாராட்டினார்.

நாம் இருவரும் ரயிலேறிப் போய், இறங்கி நடந்து, முதல் ஊரை அடைந்தோம். அந்த வாரம் அங்கே இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. ஊர்ப் பெரியவர் உன் தெருவை விசாரித்தார்.

"அவன் கெணத்தாண்ட வரக்கூடாது."

நீ பையையும் குச்சியையும் என்னிடம் கொடுத்துவிட்டு, தள்ளியிருந்த புளியமரத்தடியில் போய் நின்றாய். நான் பையைத் திறந்து கயிற்றை இறக்கினேன். ஆழத்தையும் அகலத்தையும் அளந்துவிட்டேன், எவ்வளவு பவுடர் என்பதுதான் தெரியவில்லை. குரல் கொடுத்து உன்னைக் கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கூச்சமாக இருந்தது. குத்துமதிப்பாகக் கரைத்து ஊற்றினேன்.

தண்ணீர் இறைத்து வாயில் வைத்த பெண் துப்பினாள். "வெசத்தக் கலந்துட்டான்" என்று யாரோ சொல்ல, கூட்டம் என்னைச் சூழ்ந்தது.

மரத்தடியிலிருந்து உன் குரல் வந்தது. "வெசம் இல்லீங்க. மருந்து கூடிப்போச்சி. எறைச்சி வெளிய ஊத்துனா சரியாப் பூடும்."

துப்பிய பெண்ணின் மகன் வீட்டில் நோயோடு கிடந்தான். அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "மெய்யாவா? ஒனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியாதும்மா. அவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப அவன வரச்சொல்லு."

பெரியவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. "எம்புள்ள கெடக்கறான். நீ ஓரமா நில்லு."

நீ வந்தாய். வாளிக் கயிற்றை என் கையில் திணித்து, "நீ எறை, நான் பாத்துக்கறேன்" என்றாய். மாறி மாறி இறைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஊர்க்காரர்களும் வந்து வாளியைப் பிடித்தார்கள். ஊற்று மறுபடி ஊறியதும் நீயே அளந்து மருந்து போட்டாய். காத்திருந்து, முதல் வாய் நீ குடித்தாய். அடுத்து அவள் குடித்தாள். குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் போனபோது அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்திருந்தான். புதிதாக யாரும் படுக்கவில்லை. எல்லா ஊரும் உன்னைக் கிணற்றருகே விட்டுவிடவில்லை. ஆனால் நீ வரக்கூடாது என்ற இடத்தில் நானும் பையைத் திறக்கவில்லை, பேசிப் பார்த்தோம். சில ஊர்கள் இறங்கி வந்தன.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள் பார்த்துவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் நடுவில் சொல்ல எனக்குக் கூச்சம் வருவதே இல்லை. அப்படிச் சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பமாகும் என்பதை உன்னோடு சேர்ந்து நின்று பார்த்தவன் நான்.