குமிழோடு திறக்கும் வாய்

மார்ச் 11, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

சாயங்காலம் தரையில் உட்கார்ந்து சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவியில் உயிரெழுத்து ஒலிகள் செய்துகொண்டிருந்தேன். அடியில் இருப்பது வெறும் ரீங்காரம்தான். ஒலியை வடிகட்டும் இரண்டு ஃபில்டர்களைச் சரியான இடத்தில் வைத்தால் அது ‘ஊ’ என்கிறது. குமிழை மெல்லத் திருகினால் ‘ஓ’வாகி, ‘ஆ’வென்று விரிகிறது. தொண்டையே இல்லாத யாரோ தூக்கத்தில் பாடுவதுபோல அறை முழுக்க மிதந்தது.

எதிரே பாயில் பாப்பா. பத்து மாதமாகியும் கூப்பிட்டால் திரும்பாதவள், ‘ஆ’ வந்ததும் வாயைத் திறந்தாள். ‘ஊ’வுக்குப் போனேன். உதடு குவிந்தது.

வேலையிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டார். “அவளுக்குக் காது கேக்குது லா! வியாழக்கெழம டெஸ்ட்டே வேணாம் போல!” கிள்ளானில் இருக்கும் தன் தங்கைக்கு உடனே போன் போட்டார்.

நான் சிரித்துக்கொண்டே மறுபடி திருகினேன். அணைந்திருந்த டிவியில் என் முகம் தெரிந்தது. குமிழோடு சேர்ந்து என் வாயும் குவிந்தது, விரிந்தது. பல வருடப் பழக்கம். பாப்பா பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை.

அவளுக்கு என் முகம் தெரியாமல் திரும்பி உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை, அணைத்துவிட்டேன்.

இப்போது இருவரும் தூங்குகிறார்கள். வியாழன்வரை அவர் நம்பட்டும்.