கிரீடம் உட்காராத தலை

3 மார்ச்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலம் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

வெள்ளிக் கிரீடம் தயார். ஆனால் அம்மன் தலையில் உட்கார மறுக்கிறது என்று பட்டறைக்காரர் கையைப் பிசைகிறார். சிலையின் உச்சியில் சப்பணமிட்டிருக்கும் அந்தச் சின்னக் கல் முனிவர் இடிக்கிறாராம். அளவு கொடுக்கும்போது அவரை மறந்தே போனேன். கட்டைவிரல் உயரம்தானே, உளியால் இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும். நம் அம்மன் தலையில் சமணச் சாமி எதற்கு என்று கோயில் குழுவிலும் கேட்கிறார்கள். தலைவன் என்ற முறையில் நான் என்ன பதில் சொல்வேன்? வெள்ளிக்கிழமை கல்தச்சர் மலைமேல் கோயிலுக்கு வருவார். கருவறைச் சாவியைக் கொடு.

உன் நலம் விரும்பும்
அண்ணன்

6 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தைலம் வந்தது. தேய்த்ததில் வலி இறங்கிவிட்டது, கோபம்தான் இறங்கவில்லை.

செருப்பு கடிக்கிறதென்று காலை வெட்டுவார்களா? தப்பு அளவு கொடுத்தவன் நீ, அடி வாங்குகிறவர் அவரா? அம்மா போனபிறகு தினமும் அம்மனைக் குளிப்பாட்டுகிறவள் நான். முதல் குடம் தண்ணீர் அவர்மேல் விழுந்துதான் அவள் முகத்துக்கு வருகிறது. இந்த மலையே முதலில் சமணர் பள்ளிதான். பின்பாறையில் அவர்கள் படுத்த கல்படுக்கையில் நீயும் குறட்டை விட்டவன்தானே. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை நம்மால் நடக்க வேண்டாம். இத்தனை நூற்றாண்டாக அவளே இறக்கி வைக்காத முனிவரை இறக்க நீ யார்?

சாவி தரமாட்டேன்.

உன் வாயாடி

9 மார்ச்

தங்கைக்கு,

கல்தச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டாய். குழுவின் முன்னால் நான் மூக்கறுபட்டேன். வீம்பு உனக்கு மட்டும் சொந்தமில்லை. அடுத்த வெள்ளி வேறு பூசாரி வருகிறார், கூடவே கல்தச்சரும். அன்றிலிருந்து நீ அம்மனைத் தொடக்கூடாது.

இப்படிக்கு
தலைவர், கோயில் குழு

12 மார்ச்

அண்ணா,

தலைவருக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

நேற்று பட்டறைக்காரரை வரவழைத்து, கிரீடத்தின் உச்சியை வட்டமாக வெட்டச் சொன்னேன். "அக்கா, அண்ணன் என் தோலை உரிச்சிடுவார்" என்றார். "முதல்ல என் தோல். அப்புறம்தான் உங்க முறை. வெட்டுங்க" என்றேன். இப்போது கிரீடம் அவள் நெற்றிவரை இறங்கி உட்கார்ந்திருக்கிறது; முனிவர் மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறார். கும்பிட வந்த பால்காரம்மா, "இப்பதான் ரெண்டு பேருக்கும் காத்து வருது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

புதுப் பூசாரி வரட்டும், வேலையைச் சொல்லித்தருகிறேன். தொடக்கூடாது என்றால் தொடமாட்டேன். எழுதும்போதே அழுகை வருகிறது, ஆனாலும் தொடமாட்டேன். கருவறை வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். பாவம் அந்தக் கல்தச்சர், அவரை அனுப்பாதே. உளியை நீயே எடுத்து வா.

என்னைத் தாண்டி உள்ளே போகிறவர் தலைவராக இருக்கலாம். எனக்கு அண்ணனாக இருக்க முடியாது.

தங்கை