அந்துப்பூச்சி விட்டுப்போன மணம்

12.12.1993, பரந்தன்
மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பேச்சியம்மாவின் குத்தகை வயலில் தண்டுதுளைப்பான் முட்டைகள். நெல் தாளில் சிறு திட்டுகளாக இட்டு, தாய் அந்து தன் வால்முடியால் மூடிவிட்டுப் போயிருக்கிறது. அவர்கள் வீட்டில் அரைப் போத்தல் பூச்சிமருந்துதான்; அரசின் பொருளாதாரத் தடையால் இனி வராது. அடித்தால் அந்த முட்டைகளைத் தேடி வந்து, அவற்றுக்குள் தம் முட்டையை இட்டு அழிக்கும் குளவிகளும் சாகும். பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். விவசாயப் படிப்பு மூன்றாம் வருடத்தோடு நின்றுபோன எனக்கு எங்கிருந்து இந்தத் துணிச்சல்?

13.12
பேச்சியம்மாவின் கணவர் மூக்கன் குளவியைக் காட்டச் சொன்னார். காட்டினேன் – கடுகில் பாதிகூட இல்லை.
"இதுவா எங்க வயலக் காப்பாத்தப் போவுது?"
பேச்சியம்மா சிரிக்கவில்லை. மூன்று பிள்ளைகள். இந்த நெல்தான் வருடம் முழுவதற்கும் சோறு.

15.12
முடி குளவிக்குத் தடையாக இருக்குமென்று நினைத்தேன். மேற்கு மூலையில் முப்பது திட்டுகளின் முடியை வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்தும் விட்டேன். குனிந்து குனிந்து நாரி முறிஞ்சு போச்சு.

16.12
மருந்தை மூக்கன் மிளகாய்க்கு அடித்துவிட்டார். "நீங்கதான வேணாம்னீங்க, தங்கச்சி?" உண்மைதான்.

17.12
சேற்றில் குந்தியிருந்து பார்த்தேன். துடைத்த முட்டைமேல் குளவி ஏறுகிறது, நடக்கிறது, இறங்கிப் போகிறது. பக்கத்து முடித்திட்டில் நின்று, உணர்கொம்பால் தட்டித் தட்டி, உள்ளே நுழைந்து முட்டையிடுகிறது. அந்த முடியிலும் பசையிலும் உள்ள மணம்தான் அதற்கு அடையாளம். பிள்ளைகளை மறைக்கத் தாய் போர்த்தியதே காட்டிக்கொடுக்கிறது. அதை நான் கழுவிவிட்டேன். ஏன் முதலில் ஒரு திட்டில் செய்து பார்க்கேல்லை? என்ன செய்து வைச்சிருக்கிறன்?

18.12
மழை. போகவில்லை.

20.12
மூன்று நாளாக வாய் வரவில்லை. இன்று பேச்சியம்மாவிடம் சொன்னேன். ஏசவில்லை. "தொடச்சது எதெதுன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். குச்சி நட்டிருந்தேன். இருவருமாகப் போய்த் தாளோடு கிள்ளினோம். பாதிக்குமேல் வெறும் முட்டைத்தோல், புழுக்கள் பொரித்துத் தண்டுக்குள் போய்விட்டன. முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

23.01.1994
மேற்கு மூலையில் வெண்கதிர், புழு தின்று மணி பிடிக்காமல் வெளுத்தது. மற்ற இடமெல்லாம் கதிர் தலை சாய்கிறது. சந்தோசப்படக் களைப்பு விடவில்லை.

19.02
அருவி வெட்டு, நெல் அறுவடை. மூலையை விட்டுவிட்டு வெட்டினார்கள். மூக்கன் கிட்ட வந்தார்.
"அடுத்த போகமும் வாங்க, தங்கச்சி. வரம்புல நின்னு பாருங்க. கைய மட்டும் வெக்காதீங்க."
பேச்சியம்மா அவரை முறைத்தார். நான் ஓம் என்றேன். பிறகு மூக்கனிடமே அரிவாளை வாங்கிக்கொண்டு, மூலையில் நின்ற பதரை வெட்டப் போனேன்.